பால்டர்ஸ் கேட் 3 உண்மையிலேயே பால்டர்ஸ் கேட்தானா? மூன்றையும் ஆடியவனின் பதில்

கேள்வி இதுதான்: "பால்டர்ஸ் கேட் 3-ஐ இரண்டு முறை முடித்துவிட்டேன். நான் ஆடிய ஆர்பிஜிகளிலேயே (ஒரு பாத்திரமாக மாறி ஆடும் கணினி கேம்கள்) சிறந்தது இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் பழைய பாகங்களை ஆடிய பலர், பெயர் மட்டும்தான் பால்டர்ஸ் கேட், உள்ளே இருப்பது வேறு கேம் என்கிறார்கள். அது உண்மையா, இல்லை பழைய நினைவின் மயக்கமா? எதை வைத்துத் தீர்மானிப்பது?"

புதியது மிகச் சிறந்த கேம். பழையவர்களின் மனக்குறையும் பொய்யில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக முடியும் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கதைத் திருப்பங்கள் நடுநடுவே வரும். பழைய பாகங்களை இனிமேல்தான் ஆடப் போகிறீர்கள், எதுவும் முன்கூட்டித் தெரியக்கூடாது என்றால் இத்தோடு நிறுத்திவிட்டு ஆடி முடித்துவிட்டு வாருங்கள்.

முதல் பாகம் 1998 டிசம்பரில் வந்தது. செய்தது பயோவேர், வெளியிட்டது இன்டர்ப்ளே. இரண்டாம் பாகம் 2000-ல், அதன் தொடர்ச்சியான 'த்ரோன் ஆஃப் பாஹ்ல்' 2001-ல். அதோடு அந்தக் கதை முடிந்தது. மூன்றாம் பாகத்தை லேரியன் 2020 அக்டோபரில் முடிக்காத நிலையிலேயே ஆடத் திறந்துவிட்டு, 2023 ஆகஸ்ட் 3 அன்று முழுதாக வெளியிட்டது. நடுவில் 20 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. செய்தவர்கள் வேறு, எஞ்சின் வேறு, விதிகளும் வேறு. பழையவை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் 2-ம் பதிப்பின்படி நடப்பவை, புதியது 5-ம் பதிப்பு. கதைக்குள்ளும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கடந்துவிட்டது. ஆக, அண்ணனையும் தம்பியையும் ஒப்பிடுவது போல இதைச் செய்ய முடியாது. தாத்தாவையும் பேரனையும் பக்கத்தில் நிறுத்திச் சாயல் தேடுகிறோம்.

முதலில் நினைவைப் பற்றி. மூன்றாம் பாகத்தை முடித்த கையோடு நான் முதல் பாகத்தை மறுபடி ஆரம்பித்தேன். என் மனதில் இருந்த கேமும் திரையில் வந்த கேமும் ஒன்றாக இல்லை. ஃபயர்வைன் பாலத்துக்கு அடியில் இருக்கும் இடிபாடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆள் மட்டும் நடக்கக்கூடிய சந்துகள். ஆறு பேரையும் ஓரிடத்துக்குப் போகச் சொல்லிக் க்ளிக் செய்தால், முன்னால் போகிறவர் நின்று திரும்புவார், பின்னால் வருகிறவர் முட்டிக்கொண்டு நிற்பார், நான்காவது ஆள் வழி அடைபட்டுவிட்டது என்று நினைத்து வந்த வழியே திரும்பி மேப்பையே சுற்றிக்கொண்டு வரப் பார்ப்பார். அந்த நேரம் பார்த்து எதிர் முனையிலிருந்து கோபோல்டு என்ற குட்டி அரக்கர்கள் நெருப்பு அம்பு எய்வார்கள். ஒவ்வொருவராக நகர்த்தி அந்தச் சுரங்கத்தைக் கடக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுதும் ஆனது. இந்தச் சந்துகளைப் பற்றி எந்தப் பழைய ரசிகரும் தானாகப் பேச ஆரம்பிப்பதில்லை. நானும் மறந்துதான் போயிருந்தேன். பழையதின் மிகச் சிறந்த ஒரு மணி நேரத்தை எடுத்து, புதியதின் சாதாரண ஒரு மணி நேரத்தோடு வைத்துப் பார்ப்பது இப்படித்தான் நடக்கிறது. எதிர்ப்பக்கத்திலும் இதே தவறு உண்டு. புதியதை மட்டும் ஆடியவர்கள் பழையதைப் பத்து நிமிட வீடியோவில் பார்த்துவிட்டு, இதையா இவ்வளவு கொண்டாடினார்கள் என்று கேட்கிறார்கள். ஆடிப் பார்க்காமல் இரண்டு பக்கமும் பேசுவதில் பயன் இல்லை.

அதனால் நான் இப்படிச் செய்தேன். இரண்டு கேமும் ஒரே மாதிரியான வேலையைச் செய்ய முயலும் இடங்களைத் தேடி, அவற்றை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் இடம், தொடக்கம்.

முதல் பாகத்தில் நீங்கள் கேண்டில்கீப் என்ற நூலகக் கோட்டையில் வளர்ந்த அநாதை. வளர்த்த தந்தை கோரியன் ஒரு நாள் இரவோடு இரவாக உங்களை வெளியே அழைத்துப் போகிறார், வழியிலேயே கொல்லப்படுகிறார். விடிந்ததும் உங்களோடு இருப்பது கூடவே வளர்ந்த இமோவென் மட்டும்தான். கையில் இருப்பது ஒரே ஒரு தகவல்: ஃப்ரெண்ட்லி ஆர்ம் விடுதிக்குப் போ, அங்கே கலித்தும் ஜஹீராவும் இருப்பார்கள். நீங்கள் மந்திரவாதியாக ஆரம்பித்திருந்தால் முதல் லெவலில் உயிர்ப்புள்ளி நான்கு, உடல்வலு அதிகம் வைத்திருந்தால் அதற்குக் கொஞ்சம் மேலே. சாலையை விட்டு விலகிப் போய் ஒரு ஓநாயிடம் மாட்டினால் கதை முடிந்தது. நாயகன் செத்தால் யாரும் எழுப்ப முடியாது, முன்பு சேமித்து வைத்த இடத்திலிருந்துதான் தொடர வேண்டும். தட்டுத் தடுமாறி விடுதிக்குப் போய்ச் சேர்ந்து, அப்பாடா என்று படியேறப் போகும்போது டார்னெஷ் என்று ஒருவன் எதிரே வந்து பெயரைக் கேட்கிறான். அவனும் ஒரு மந்திரவாதி. உங்கள் தலைக்கு யாரோ விலை வைத்திருக்கிறார்கள். அவன் தன் உருவத்தைப் பலவாக்கிக்கொண்டு அச்சமூட்டும் மந்திரத்தை வீசுகிறான். உங்கள் ஆட்கள் சொல்பேச்சு கேட்காமல் திசைக்கொருவராக ஓடுகிறார்கள். நீங்கள் தேடி வந்த இருவரும் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே போவதற்குள்ளேயே செத்தவர்கள் ஏராளம். நானும் முதல் தடவை அந்தப் படியிலேயே செத்தேன்.

இதே இடத்தில் மூன்றாம் பாகம் என்ன செய்கிறது? மூளை தின்னும் அரக்கர்களான மைண்ட் ஃப்ளேயர்களின் பறக்கும் கப்பலில், மண்டைக்குள் அவர்கள் விட்ட புழுவோடு கண்விழிக்கிறீர்கள். டிராகன்கள் துரத்துகின்றன, கப்பல் நரகத்துக்குள் பாய்கிறது, பிசாசுகள் ஏறிக்கொண்டு சண்டையிடுகின்றன. நீங்கள் இன்னும் முதல் லெவல்தான். அப்புறம் உங்களோடு சேர்பவர்களைப் பாருங்கள்: மந்திரத்தின் தேவியையே காதலித்தவன் ஒருவன், 200 ஆண்டு அடிமையாக இருந்த ரத்தக் காட்டேரி ஒருவன், நரகத்துப் போர்முனையில் சண்டையிட்டு நெஞ்சுக்குள் எந்திர இதயத்தோடு தப்பி வந்தவள் ஒருத்தி. வாழ்க்கை வரலாற்றைப் பார்த்தால் எல்லோரும் உச்ச லெவலில் இருக்க வேண்டியவர்கள். பழையவர்கள் "இது வேறு கேம்" என்று சொல்லும்போது பெரும்பாலும் இந்த உணர்வைத்தான் சொல்ல வருகிறார்கள், ஆனால் வாய் வேறு எதையோ சொல்கிறது. யாரும் அறியாத, யாரும் கண்டுகொள்ளாத ஒருவனாகப் பெரிய உலகத்தின் ஓரத்தில் நிற்பதுதான் முதல் பாகத்தின் சுவை. அந்தச் சுவை மூன்றாம் பாகத்தில் இல்லை. லேரியன் அதைச் சமைக்க முயலவும் இல்லை.

இப்போது தராசின் மறுபக்கம். மூன்றாம் பாகத்தின் முதல் அங்கத்தில் இயற்கையை வணங்கும் ட்ரூயிடுகளின் தோப்பு வருகிறது, நினைவிருக்கும். அராபெல்லா என்ற சிறுமி புனிதச் சிலையைத் திருடி மாட்டிக்கொள்கிறாள். ட்ரூயிடுகளில் ஒருத்தியான காகா தன் பாம்பைச் சிறுமியின் முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறாள். நீங்கள் பேசலாம், மிரட்டலாம், கெஞ்சலாம்; பகடை உருளும். எண் காலை வாரினால் சிறுமி ஓடப் பார்ப்பாள், பாம்பு கொத்திவிடும், செத்துவிடுவாள். வெளியே அவளுடைய அப்பாவும் அம்மாவும் காத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் போய் நீங்கள்தான் விழிக்க வேண்டும். பிழைத்தாலோ, அம்மா ஒரு சின்னப் பதக்கத்தைக் கழற்றிக் கொடுப்பாள். எத்தனையோ மணி நேரம் கழித்து, இரண்டாம் அங்கத்தின் இருட்டு நிலத்தில் அதே சிறுமி தனியாக அப்பா அம்மாவைத் தேடிக்கொண்டு நிற்பாள். முதலில் அவள் செத்திருந்தால் அந்த இடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். அப்படி ஒரு காட்சி உண்டு என்பதே உங்களுக்குத் தெரியாது.

முதல் இரண்டு பாகங்களில் இதற்கு ஈடாக எதையும் என்னால் காட்ட முடியவில்லை. நேர்மையாகத் தேடித்தான் பார்த்தேன். அவற்றிலும் ஒரு குவெஸ்டை இரண்டு மூன்று விதமாக முடிக்கலாம். ஆனால் உலகம் அதை மனதில் வைத்துக்கொண்டு பின்னால் திரும்ப வந்து உங்கள் முன் நிற்பது அரிது. இன்னொரு உதாரணம் தோப்பின் எதிரிகளான கோப்ளின்களின் முகாம். நேராகச் சண்டை போடலாம். குடிக்கும் தொட்டியில் விஷம் கலக்கலாம். கூண்டில் கரடியாக அடைபட்டிருக்கும் ட்ரூயிடுகளின் தலைவர் ஹால்சினை அவிழ்த்துவிடலாம். செத்துப்போன ஒரு மைண்ட் ஃப்ளேயரிடம் முகாமின் தலைவன் மந்திரத்தால் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும்போது மண்டைக்குள் இருக்கும் புழுவின் வழியே குறுக்கே புகலாம். அவர்கள் பக்கமே சேர்ந்துகொண்டு தோப்பை அழிக்கவும் செய்யலாம். இதையெல்லாம் நான் ஒரே தடவையில் கண்டுபிடிக்கவில்லை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை ஆடும்போது, இதைச் செய்தால் கேம் ஒத்துக்கொள்ளுமா என்று சந்தேகத்தோடு செய்து பார்த்தேன். பெரும்பாலும் ஒத்துக்கொண்டது.

ஆக, பழையதில் உலகம் உங்களைக் கண்டுகொள்ளாது, அதுதான் அதன் பலம். புதியதில் உலகம் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும், அதுதான் இதன் பலம். ஒன்றின் பலத்தை அளவுகோலாக வைத்து மற்றதை அளந்தால் மற்றது தோற்கத்தான் செய்யும்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால், இரண்டுக்கும் பொதுவான மூலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவது. விதிப்புத்தகம் இருக்கும், பகடை இருக்கும், ஆட்டத்தை நடத்தும் ஒருவர் இருப்பார். நடத்துபவருக்கு இரண்டு வேலை. விதியை எல்லோருக்கும் பாரபட்சமில்லாமல் கடைப்பிடிப்பது ஒன்று. ஆடுபவர் யாருமே எதிர்பாராத எதையாவது செய்தால், "சரி, அப்படிச் செய்தால் என்ன ஆகும் தெரியுமா" என்று அந்த இடத்திலேயே கதையை வளைத்துக் கொடுப்பது இன்னொன்று. 1998-ன் கணினிக்கு முதல் வேலை நன்றாக வரும். பயோவேர் அதை எடுத்துக்கொண்டு, பெரிய நிலப்பரப்பு ஒன்றை உருவாக்கி, விதிகளை அதில் ஓடவிட்டு, உங்களை நடுவில் இறக்கிவிட்டது. இரண்டாவது வேலைக்கு, ஆடுபவர் செய்யக்கூடிய ஆயிரம் காரியங்களுக்கும் முன்கூட்டியே பதில் எழுதி, நடித்து, பதிவு செய்து வைக்க வேண்டும். லேரியன் அதைத்தான் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து செய்தது. இரண்டுமே மேசைக்கு விசுவாசமானவை. மேசையிலிருந்து எடுத்துக்கொண்டது மட்டும் வேறு வேறு.

இப்படிப் பார்த்தால், பழையவர்கள் மிகச் சத்தமாகச் சொல்லும் குறை எனக்கு மிக லேசாகத் தெரிகிறது. சண்டை ஏன் முறை வைத்து நடக்கிறது, பழையதில் எல்லோரும் ஒரே நேரத்தில் மோதுவார்களே, வேண்டும்போது நிறுத்தி ஆணை கொடுப்போமே என்பது அந்தக் குறை. மேசையில் எப்போதுமே முறை வைத்துத்தான் ஆடுகிறார்கள். அது மட்டுமில்லை. இதே கற்பனை உலகத்தில் 1988-ல் எஸ்எஸ்ஐ வெளியிட்ட 'பூல் ஆஃப் ரேடியன்ஸ்' என்ற கேமும் ஆறு பேர் கொண்ட குழுவோடு முறை வைத்துச் சண்டை போடும் கேம்தான். பத்து ஆண்டு கழித்து வந்த முதல் பால்டர்ஸ் கேட்தான் அந்த மரபிலிருந்து விலகி நடந்தது. நிகழ்நேர வியூக கேம்கள் கொடிகட்டிப் பறந்த காலம் அது. அதன் தாக்கம் அதில் நன்றாகவே தெரிகிறது. 'பூல் ஆஃப் ரேடியன்ஸ்' ரசிகர் ஒருவர் 1998-ல் "இது வேறு கேம்" என்று சொல்லியிருந்தால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்திருக்கும். ஆனால் அதற்காக முதல் பாகம் தாழ்ந்துவிடவில்லை.

சண்டையில் நான் உண்மையாகவே இழந்ததாக நினைப்பது வேறொன்று. இரண்டாம் பாகத்தில் மந்திரவாதிகளோடு மோதும் சண்டை. எதிரி மந்திரவாதி கண்ணில் பட்ட நொடியிலேயே உடம்பைச் சுற்றி ஐந்தாறு பாதுகாப்பு மந்திரங்கள் ஏறிவிடும். வாள் படாது, தீ படாது, நீங்கள் வீசும் மந்திரம் உங்கள் மேலேயே திரும்பும். எந்தப் பாதுகாப்பு இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற எதிர்மந்திரத்தால் ஒவ்வொரு அடுக்காகக் கழற்ற வேண்டும். ஸ்டோன்ஸ்கின் என்ற பாதுகாப்பை உரிக்க பிரீச் என்ற மந்திரம் வேண்டும், மந்திரத் தடுப்புகளுக்கு வேறொன்று வேண்டும். வெங்காயம் உரிப்பது போல உரித்து முடித்து, கடைசியில் கூட்டாளி மின்ஸ்க்கின் வாள் அவன் மேல் பட்டு ரத்தம் வரும் அந்தக் கணத்தின் நிம்மதி இருக்கிறதே, அதை வேறெந்த கேமும் எனக்குக் கொடுத்ததில்லை. 5-ம் பதிப்பில் மனதைக் குவித்துப் பிடிக்க வேண்டிய மந்திரங்களில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பிடித்திருக்க முடியும். அடிபட்டால் அதுவும் நழுவலாம். கற்றுக்கொள்ள எளிது, மேசையில் ஆட்டம் வேகமாகப் போகும். ஆனால் அந்த அடுக்குகள் போய்விட்டன. அதற்குப் பதிலாக லேரியன் நிலத்தையே ஆயுதமாக்கிக் கொடுத்தது: உயரம், எண்ணெய், நெருப்பு, விளிம்பிலிருந்து தள்ளிவிடுவது. எனக்கு அதுவும் பிடிக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பழையதைத்தான் எடுப்பேன், ஆனால் அது என் ருசி. புதியது குறைந்தது என்று சொல்ல அதை ஆதாரமாகக் காட்ட மாட்டேன்.

வளர்ச்சியிலும் ஒரு வேறுபாடு உண்டு. முதல் பாகம் வெளியானபோது 89,000 அனுபவப் புள்ளிகளோடு வளர்ச்சி நின்றுவிடும். ஒரு போர்வீரன் 7-வது லெவலைத் தாண்ட மாட்டான். அதே ஆளை இரண்டாம் பாகத்துக்குக் கொண்டுபோய், கடைசியில் கடவுளின் அரியணை வரை ஏற்றலாம். ஓநாய்க்குப் பயந்தவன் டிராகனைத் தேடிப் போகும் அந்த ஏற்றத்தை ஒரே கதாபாத்திரத்தோடு வருடக்கணக்கில் வாழ்ந்து பார்த்தவர்களிடம் 12-வது லெவலோடு முடியும் ஒரு கேமைக் கொடுத்தால், ஏதோ பாதியில் நின்றுபோனது போல இருக்கும். இதில் லேரியன் மேல் குற்றமில்லை. இரண்டு கேமையும் ஒரு தொடர்ச்சியையும் ஒரே ஒரு கேமோடு ஒப்பிடுகிறோம் என்பதை நாம்தான் கவனிக்க வேண்டும்.

கூட்டாளிகள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் பாகத்தில் சேர்த்துக்கொள்ளக்கூடியவர்கள் 25 பேர். பெரும்பாலானவர்கள் சேரும்போது நாலு வரி பேசுவார்கள், அப்புறம் ஏதாவது சலிப்பு, ஏதாவது சண்டை, அவ்வளவுதான். ஆனால் அவர்களுக்கென்று சொந்த வேலை இருக்கும். மின்ஸ்க் தன் மந்திரவாதி டைனாஹேரைக் காப்பாற்ற வேண்டும் என்பான். அதே நாஷ்கெல் ஊரில் நிற்கும் எட்வின் அவளைக் கொல்ல வேண்டும் என்பான். இருவரையும் ஒரே குழுவில் வைத்திருந்தால் ஒருநாள் வெடிக்கும். உங்கள் நற்பெயர் மிக உயர்ந்துவிட்டால் கெட்டவர்கள் உங்களை விட்டுப் போய்விடுவார்கள். அவர்கள் உங்களுக்காகப் பிறந்தவர்கள் இல்லை என்பது தெளிவாகத் தெரியும். மூன்றாம் பாகத்தில் கூட்டாளிகள் பத்துப் பேர்தான். நடிப்பும் எழுத்தும் பழையதை எட்டாத உயரத்தில் வைக்கின்றன. ரத்தக் காட்டேரியான அஸ்டேரியனுக்குக் குரலும் உடலும் கொடுத்த நீல் நியூபன் 2023-ல் கேம் அவார்ட்ஸில் சிறந்த நடிப்புக்கான விருது வாங்கியது முற்றிலும் தகுதியானது. தன்னை அடிமையாக்கிய எஜமானனைக் கொன்றுவிட்டு அவன் உடைந்து அழும் காட்சி அதற்குப் போதும். ஆனால் அந்தப் பத்துப் பேருடைய வாழ்க்கையும் உங்கள் கூடாரத்தைச் சுற்றியே ஓடுகிறது. முதல் அங்கத்தின் கொண்டாட்ட இரவில் பாதிப் பேர் உங்களை ஆசையோடு பார்க்கிறார்கள். யார் செத்தாலும் கூடாரத்தில் இருக்கும் விதர்ஸ் 200 பொன்னுக்கு எழுப்பிக் கொடுத்துவிடுவார். இங்கேயும் அதே வேறுபாடுதான்: பழையவர்கள் வழியில் சேர்ந்த பயணிகள், புதியவர்கள் உங்களைச் சுற்றி எழுதப்பட்டவர்கள்.

எழுத்து பற்றிச் சிறிய இடைச்செருகல். பழைய பாகங்களில் ஒரு உரையாடலின் முதல் வரி மட்டும் குரலில் வரும், மீதி எழுத்தில் இருக்கும். ஒவ்வொரு வரியையும் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லாததால் எழுத்தாளர்கள் தாராளமாக எழுதினார்கள். அதே எஞ்சினில் 1999-ல் வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்' கிட்டத்தட்ட ஒரு நாவல். எல்லா வரியையும் நடித்துப் பதிவு செய்யும் மூன்றாம் பாகம் அந்த அளவு பேச முடியாது. முகம் பேசுகிறது, அதனால் வார்த்தை குறைகிறது.

இனி பழையவர்களின் குறைகளில் முழுக்க நியாயமானது. முதல் இரண்டு பாகங்களின் நாயகன் கொலைக் கடவுளான பாஹ்லின் பிள்ளை. 'த்ரோன் ஆஃப் பாஹ்ல்' முடிவில் அந்த தெய்வ சக்தியை ஏற்று அரியணையில் அமரலாம், அல்லது வேண்டாம் என்று உதறிவிட்டு மனிதனாக நடந்துபோகலாம். மூன்றாம் பாகத்தில் பாஹ்ல் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறான். நாம் எடுத்த முடிவுக்கு அங்கே இடமில்லை. இதைத் தொடங்கிவைத்தது லேரியன் இல்லை, மேசை விளையாட்டுக்கான அதிகாரபூர்வ வரலாறு ஏற்கெனவே பாஹ்லை உயிர்ப்பித்துவிட்டது. ஆனால் விக்கோனியாவுக்கும் சாரவோக்குக்கும் நடந்ததற்கு அந்தச் சமாதானம் போதாது. இரண்டாம் பாகத்தில் விக்கோனியாவைக் காதலித்து, சந்தேகமும் கசப்பும் நிறைந்த அவளை மெல்ல மெல்ல வேறொருத்தியாக மாற்றலாம். முதல் பாகத்தின் வில்லனான சாரவோக்கைத் தொடர்ச்சியில் குழுவில் சேர்த்து, அவன் மனம் திரும்புவதைப் பார்க்கலாம். மூன்றாம் பாகத்தில் இருவரும் அந்த மாற்றத்தின் சுவடே இல்லாத கொடியவர்களாக, கொன்றுவிட்டுப் போக வேண்டிய எதிரிகளாக வருகிறார்கள். அவர்களோடு நூறு மணி நேரம் வாழ்ந்தவர்களுக்கு அது வலிக்கத்தான் செய்யும், எனக்கும் வலித்தது. புதிய பெயர்களில் இரண்டு வில்லன்களை வைத்திருந்தால் கதைக்கு எந்த நஷ்டமும் வந்திருக்காது.

அதே நேரம், பழைய கதையின் உண்மையான வாரிசு அந்தக் கேமுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது, பல பழைய ரசிகர்கள் அதைத் தேர்ந்தெடுக்காமலே விட்டுவிட்டார்கள். 'டார்க் அர்ஜ்' என்ற தொடக்கத்தைச் சொல்கிறேன். நினைவு அழிந்து, கொலை வெறி மட்டும் மிச்சமிருக்கும் ஒருவராக ஆரம்பிப்பீர்கள். பழைய பாகங்களில் பாஹ்லின் ரத்தம் பெரும்பாலும் அத்தியாய இடைவெளிகளில் வரும் கனவுகளாகத்தான் தெரியும். கனவு முடிந்து ஒரு சிறிய சக்தி கிடைக்கும், மறுபடி பயணம். இங்கே ஒரு பாடகி உங்கள் கூடாரத்துக்கு அடைக்கலம் தேடி வருகிறாள். தோப்பில் அவள் பாட்டை முடிக்க நீங்களே உதவியிருக்கலாம். காலையில் கண்விழித்தால் உங்கள் கையெல்லாம் ரத்தம், அவள் சின்னாபின்னமாகக் கிடக்கிறாள். மற்றவர்கள் எழுவதற்குள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேம் கேட்கிறது. உள்ளே ஓடும் ரத்தத்தை எதிர்த்து நிற்க முடியுமா என்பதுதானே பழைய கதையின் மையக் கேள்வி? அதை 1998-லும் 2000-லும் முடிந்ததைவிட நெருக்கமாக, கூசும்படி கேட்டது மூன்றாம் பாகம்தான். இரண்டு முறை முடித்த நீங்கள் இதைத் தொடவில்லை என்றால், மூன்றாவது முறை இப்படி ஆடுங்கள்.

வில்லன்களில் பழையதுதான் மேல், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. இரண்டாம் பாகத்தின் வில்லன் ஐரெனிகஸ் முதல் காட்சியிலேயே உங்களைக் கூண்டில் அடைத்துச் சோதிக்கிறான், கோபமே படாமல். அவனுக்குக் குரல் கொடுத்த டேவிட் வார்னரின் அந்தக் குளிர்ந்த குரல் கேம் முழுதும் பின்தொடரும். அவனைப் பிடிக்க வேண்டும் என்ற வெறியும், இமோவெனை மீட்க வேண்டும் என்ற தவிப்பும்தான் இரண்டாம் பாகத்தை ஓட வைக்கின்றன. அவளைக் கண்டுபிடிக்க உதவி செய்ய 20,000 பொன் கேட்பார்கள். அத்காட்லா நகரத்தில் உங்களை அவிழ்த்துவிட்டு, எப்படியாவது சம்பாதித்துக்கொண்டு வா என்பார்கள். ஒரு கோட்டையை மீட்கலாம், மிருகங்கள் முற்றுகையிட்ட ஊரைக் காப்பாற்றலாம், டிராகன் குகைக்குள் ஏமாந்து நுழையலாம். அந்த இரண்டாம் அத்தியாயத்தின் விரிவையும் சுதந்திரத்தையும் இன்று வரை எந்த ஆர்பிஜியும் தாண்டியதாக எனக்குத் தோன்றவில்லை, மூன்றாம் பாகம் உட்பட. மூன்றாம் பாகத்தின் மூன்று வில்லன்களில் கெதெரிக் மட்டும் மனதில் நிற்கிறான்; மகளை இழந்த துக்கம் அவனை எங்கே கொண்டுபோய்விட்டது என்று புரிகிறது. மற்ற இருவரும் மூன்றாம் அங்கத்தின் கூட்டத்தில் கரைந்துபோகிறார்கள். அந்த அங்கம் முழுதுமே கொஞ்சம் திணறுகிறது, ஒரே தெருவில் அத்தனை கதைகள். முதல் பாகத்தில் பால்டர்ஸ் கேட் நகரம் ஒன்பது மேப்களாக விரிந்திருந்தது, பாதி வீடுகளில் சொல்லும்படியாக எதுவுமே இருக்காது. அந்த வெறுமைதான் அதை நகரமாக உணர வைத்தது என்பது திரும்ப ஆடியபோது எனக்குப் புரிந்தது.

அவசரம் என்ற விஷயத்தில் மட்டும் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. மண்டையில் புழு இருக்கிறது, சில நாளில் உருமாறிவிடுவீர்கள் என்று மிரட்டிவிட்டு எத்தனை இரவு வேண்டுமானாலும் தூங்கவிடுகிறது புதியது. இமோவென் சிறையில் இருக்கும்போது ஊர் ஊராகச் சுற்றவிட்டது பழையது.

என் தீர்ப்பைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். முதல் பாகத்தைவிட மூன்றாம் பாகம் எல்லா வகையிலும் தேர்ந்த கேம். ஆனால் சின்னவனாக இருப்பதன் பயத்தையும் மகிழ்ச்சியையும் முதல் பாகம்தான் தரும். இரண்டாம் பாகத்தையும் மூன்றாம் பாகத்தையும் சமமாக வைப்பேன்: வில்லனுக்கும் மந்திரச் சண்டைக்கும் விரிவுக்கும் இரண்டாம் பாகம், உலகம் திருப்பிப் பேசுவதற்கும் நடிப்புக்கும் மூன்றாம் பாகம். தொடர்ச்சி என்ற வகையில் மூன்றாம் பாகம் பழைய பாத்திரங்களிடம் கவனக்குறைவாக நடந்துகொண்டது, பழைய கேள்வியிடம் உண்மையாக நடந்துகொண்டது.

நீங்களே ஆடிப் பார்க்க வேண்டும் என்றால், பீம்டாக் வெளியிட்ட என்ஹான்ஸ்ட் எடிஷன்களை எடுங்கள். முதல் பாகம் 2012-ல், இரண்டாம் பாகம் 2013-ல் வந்தன. இன்றைய கணினியில் சிக்கலில்லாமல் ஓடும். எதிரி கண்ணில் பட்டதும் தானாக நிற்கும் வசதியை ஆரம்பத்திலேயே போட்டுவிடுங்கள். பாதுகாப்பு எண் குறையக் குறைய நல்லது என்ற பழைய விதி முதல் சில மணி நேரம் குழப்பும், அப்புறம் பழகிவிடும். முதல் தடவை போர்வீரனாக ஆரம்பியுங்கள். சாலையை விட்டு விலகாதீர்கள். ஃபயர்வைன் பாலத்துக்கு அவசரப்பட்டுப் போகாதீர்கள், டர்லாக் கோபுரத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மொத்தக் கேமிலும் மிகச் சிறந்த பாதாளம் அதுதான், அதைத் தளர்ந்துபோன குழுவோடு கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் ஒன்று. ஜஹீராவை இரண்டு பாகத்திலும் கூடவே வைத்திருங்கள். இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில், ஐரெனிகஸின் சுரங்கத்தில் அவர் தன் கணவன் கலித்தின் சிதைந்த உடலைப் பார்க்கும்போது நீங்கள் பக்கத்தில் இருப்பீர்கள். அது முடிந்து மூன்றாம் பாகத்துக்குத் திரும்பி வாருங்கள். லாஸ்ட் லைட் விடுதி வாசலில் நரைத்த தலையோடு அதே ஜஹீரா கொடிகளால் உங்கள் காலைக் கட்டிப்போட்டு நிறுத்தி, நீங்கள் யார் என்று விசாரிப்பார். முன்பு இரண்டு தடவை பார்த்த அதே காட்சிதான். இந்தத் தடவை அவர் ஏன் யாரையும் எளிதில் நம்புவதில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.